என்னை உறைய வைத்த படம் என் மகளை ஏன் அசைக்கவில்லை?

கேசட்காலம்:

வணக்கம். இரண்டு வாரமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி. திகில் படங்களை விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

'ரிங்கு' என்ற ஜப்பானியப் படம் 1998-ல் வந்தது. நான் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்து முடித்ததும் தொலைபேசி மணி அடிக்கும். ஏழு நாளில் பார்த்தவர் சாவார். நானும் அந்தப் படத்தைத் தோழி கொடுத்த ஒரு கேசட்டில்தான் பார்த்தேன். மேலே பெயர்கூட எழுதாத கேசட். படம் முடிந்து டெக் அதை 'கிளக்' என்று வெளியே தள்ளியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று இரவு டிவியைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் படுத்தேன். நாட்களை எண்ணினேன். எட்டாம் நாள் விடிந்த பிறகுதான் போர்வையை எடுத்தேன்.

என் மகளுக்கு இப்போது பதினாறு. "உனக்கு ரொம்பப் பயமா இருந்த படத்தைப் போடும்மா" என்று அவளாகத்தான் கேட்டாள். சேர்ந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே, "அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள என்னம்மா இருக்கு?" என்றாள். கேசட் என்றால் என்ன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் பதிவு செய்வோம், நகலுக்கு நகல் படம் எப்படி மங்கிக்கொண்டே போகும் என்றெல்லாம் படத்தை நிறுத்தி விளக்கினேன். அந்தக் கேசட்டுக்குள் இருக்கும் பேய்ப்பெண் சடாகோ கிணற்றிலிருந்து ஏறி, டிவித் திரையைத் தாண்டி அறைக்குள் தவழ்ந்து வரும் இடத்தில் நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள், "முடியை இப்படி முன்னாடி போட்டுக்கிட்டா வழி எப்படித் தெரியும்?" என்றாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டாள். அதோடு படம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் படிக்க எழுந்து போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து நடுராத்திரியில் என் அறைக் கதவைத் தட்டினாள். தலையணையோடு வந்து நின்றாள். 2020-ல் வந்த 'ஹோஸ்ட்' பார்த்திருக்கிறாள். ஊரடங்கில் அவரவர் வீட்டில் அடைபட்ட நண்பர்கள் வீடியோ அழைப்பில் கூடி ஆவியைக் கூப்பிடுகிறார்கள். நாம் பார்ப்பது கணினித் திரையை மட்டும்தான், ஒரு மணி நேரம்கூட ஓடாது. எடுத்ததும் அப்படியேதான்: நடிகர்கள் தங்கள் வீட்டில், இயக்குநர் வேறு எங்கோ. மறுநாள் நானும் பார்த்தேன். என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஒரே வீட்டில் இருக்கிறோம். என் பயம் அவளுக்குப் புரியவில்லை, அவள் பயம் எனக்குப் புரியவில்லை. பயமே தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறதா? இல்லை, பழைய பயம்தான் புதுப் பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதா? ஒரு காலத்துப் பேய்ப்படத்தை வைத்து அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கு நடுங்கினார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

கடைசிவரிசை:

நான் பத்தொன்பது வருடம் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவன். புத்தகம் படித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

கேபினில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. ஃபோகஸ் சரியாக நின்றுவிட்டால், அடுத்த ரீல் மாற்றும்வரை திரையில் பெரிய வேலை இல்லை. ஒரு நாளைக்கு நாலு காட்சி, வாரத்துக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு முறை ஒரே படத்தை யார் பார்ப்பார்கள்? நான் தலைகளைப் பார்ப்பேன்.

திகில் படத்தில் தலைகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று, நூறு தலையும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போடும். அமைதியாக இருக்கும்போது திடீரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 1942-ல் 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் ஏதோ வருகிறது என்று நாமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது, சிறுத்தை சீறுவதுபோல ஒரு பஸ் பிரேக் போட்டு வந்து நிற்கும். தயாரிப்பாளர் வேல் லூட்டனின் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே சினிமாக்காரர்கள் இன்றும் அந்த உத்தியைச் சொல்வார்கள். இதற்குக் காலம் கிடையாது. உங்கள் மகளும் குதிப்பாள், நீங்களும் குதிப்பீர்கள்.

இரண்டாவது விதம் வேறு. தலைகள் அசையாது. இருமல் வராது. பொட்டலத்துக்குள் போன கை அப்படியே நிற்கும். திரையில் அந்த நேரம் பெரிதாக ஒன்றும் நடந்துகொண்டிருக்காது. இந்த அசையாமைதான் காலத்துக்குக் காலம் இடம் மாறுகிறது என்பது என் அனுபவம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 'காட்ஸில்லா'. ஜப்பானிய மூலம், 'கோஜிரா', 1954. பின்னால் வந்த படங்களால் அதை ரப்பர் உடுப்புக்குள் ஆள் புகுந்து பொம்மைக் கட்டடத்தை மிதிக்கும் படம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த வருட நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைப்போல இரண்டரை மடங்கு வெடித்தது, 15 மெகா டன். அபாய எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் பனிபோலக் கொட்டியது. படகில் 23 பேர். அவர்களில் வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். படம் நவம்பர் 3 அன்று வெளியானது. முதல் காட்சி என்ன தெரியுமா? கடலில் ஒரு படகு. மேல்தளத்தில் ஆட்கள் ஓய்வாகப் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கடலிலிருந்து ஒரு வெளிச்சம்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது என்ன என்று யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. ஹிரோஷிமா, நாகசாகிக்கு அப்போது ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. படத்தில் ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்ததைச் சொல்கிறாள். மருத்துவமனையில் ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைக்க, அது படபடவென்று தட்டும். எரியும் தெருவில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இதோ அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். மிருகம் திரையிலேயே இல்லாத இடங்கள் இவை. நான் அந்தக் கண்ணாடி ஜன்னலில் நின்றிருந்தால் தலைகள் இங்கேதான் உறைந்திருக்கும்.

இதே படத்தை 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரைப் புதிதாகப் படம்பிடித்து நடுநடுவே சேர்த்தார்கள். அணுகுண்டுப் பேச்சில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதே மிருகம், அதே டோக்கியோ. ஆனால் அந்த அரங்குக்கு அது வேறு படம்.

அதனால் தோழி, உங்கள் மகளிடம் குறை இல்லை. கேசட் டெக் அவள் வீட்டுப் பொருள் அல்ல. கணினித் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள் தெரிவதும், அதில் ஒரு முகம் அப்படியே நின்றுபோவதும் அவள் வாழ்க்கையில் நடந்தது.

தேதிபார்ப்பவன்:

கடைசிவரிசை ஐயா சொன்னது 'கோஜிரா'வுக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் அதை வைத்து எல்லாத் திகில் படத்தையும் அளக்கக் கூடாது என்பது என் கருத்து. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. படம் வந்து இருபது வருடம் கழித்து யாராவது ஒரு கட்டுரை எழுதுவார், 'இது இந்த நோயைப் பற்றிய படம்' என்று. அப்புறம் எல்லோரும் அதையே சொல்வார்கள். தேதியை யாரும் பார்ப்பதில்லை.

ஜான் கார்ப்பெண்டரின் 'தி திங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்டார்டிகாவில் ஒரு ஆய்வுக்கூடம். வேற்றுலக உயிர் ஒன்று யார் உருவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். யார் மனிதன், யார் அது என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவர் ரத்தத்தையும் எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுப் பார்ப்பார்கள். இது எய்ட்ஸ் பயத்தின் படம் என்று எத்தனையோ இடத்தில் படித்துவிட்டேன். படம் வெளியானது 1982 ஜூன் 25. எய்ட்ஸ் என்ற பெயரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதலில் பயன்படுத்தியதே அந்த ஆண்டு செப்டம்பரில். அதைவிட முக்கியம், படத்துக்கு அடிப்படையான குறுநாவல் 1938-ல் வந்தது. ரத்தப் பரிசோதனை அதிலேயே இருக்கிறது. படம் வந்தபோது சரியாக ஓடவும் இல்லை. அதே மாதம் வந்த 'ஈ.டி.'யின் அன்பான வேற்றுலகவாசியைத்தான் மக்கள் தேடிப் போனார்கள். அந்த வருடத்துச் சமூகத்தின் பயத்தைச் சொன்ன படமென்றால் அந்த வருடத்துச் சமூகம் ஏன் அதைப் பார்க்கவில்லை?

1956-ல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் அதே முகத்தோடு இருக்கிறார், ஆனால் உள்ளே அவர் இல்லை. கம்யூனிஸ்டுகள் ஊடுருவும் பயம் என்று ஒரு கூட்டம் சொல்லும். இல்லை, கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிய, அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி காலத்தின் பயம் என்று எதிர்க்கூட்டம் சொல்லும். ஒரே படம் இரண்டு எதிரெதிர்ப் பயங்களுக்கும் கண்ணாடியாக இருக்கிறது என்றால், அதை வைத்து அந்தச் சமூகம் எதற்கு அஞ்சியது என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?

கேட்டவருக்கு என் பதில்: சொல்லிவிட முடியாது. பயத்தைப் பார்க்கிறவர்தான் கொண்டு வருகிறார். படம் அதற்கு இடம் விட்டிருந்தால் போதும்.

இரவுப்பணி:

தேதிபார்ப்பவன் சொன்ன தேதிகள் சரி. ஆனாலும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

நான் செவிலியர். 2020-ல் தொற்று வார்டில் இருந்தேன். பணி முடிந்து வீட்டில் தனி அறையில் படுத்திருப்பேன், தூக்கம் வராது. அப்போதுதான் 'தி திங்' முதல்முறை பார்த்தேன். அந்த ரத்தப் பரிசோதனைக் காட்சியில் மிருகத்தைவிட என்னை உலுக்கியது, நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கும் ஆட்களின் முகம். சோதனை முடிவு வரும்வரை தானே யார் என்று தனக்கே தெரியாதவனின் முகம் அது. அந்த முகத்தை நான் அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு. 1938-ல் எழுதியது 1982-க்கும் பொருந்தி 2020-க்கும் பொருந்துகிறது என்றால், அது வெற்று இடமாக இருப்பதால் அல்ல. பக்கத்தில் இருப்பவன் உடம்பில் என்ன இருக்கிறது என்ற பயம் அவ்வளவு பழையது. 1922-ல் ஜெர்மனியில் வந்த 'நோஸ்ஃபெராட்டு'விலேயே அது இருக்கிறது. ரத்தக்காட்டேரி கப்பலில் வருகிறது, கூடவே எலிகளும் வருகின்றன. ஊரில் கொள்ளைநோய் என்று அறிவிக்கிறார்கள். வீட்டுக் கதவுகளில் குறி போடுகிறார்கள். நடுத்தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாகப் போகின்றன. கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற 1918 இன்ஃப்ளுயன்சா வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தெருக்காட்சியைப் பார்த்தவர்கள் காட்டேரியையா நினைத்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

'ரோஸ்மேரிஸ் பேபி', 1968. சாத்தானின் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதல் பிரசவத்துக்கு முன் ஏழாம் மாதத்தில் எனக்கு விடாத வலி. நானே செவிலியர், அது வழக்கமான வலி இல்லை என்று எனக்குத் தெரியும். பார்த்த மருத்துவர் மூன்று முறையும் ஒரே பதில் சொன்னார்: முதல் குழந்தை என்றால் இப்படித்தான் இருக்கும், மனதை அமைதியாக வைத்துக்கொள். என் கணவரிடம் தனியாக, "ரொம்ப யோசிக்கிறாங்க" என்றும் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவசரமாக வேறு இடத்துக்குப் போனோம். குழந்தை பிழைத்தது. இரண்டு வருடம் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தேன்.

ரோஸ்மேரிக்கு மாதக்கணக்கில் வலி. சீக்கிரம் போய்விடும் என்கிறார் பெரிய மருத்துவர். எடை குறைகிறது, அவர் கண்டுகொள்வதில்லை. கடைசியில் தப்பித்து வேறு ஒரு மருத்துவரிடம் ஓடுகிறாள். எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார், அக்கறையாகப் படுக்க வைக்கிறார். அவள் கண்ணயர்கிறாள். கதவு திறக்கும்போது அவளைத் துரத்தியவர்களை அவரே வரவழைத்திருக்கிறார். அந்தக் காட்சியில் ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. கடைசிவரிசை சார் சொன்ன அந்த அசையாமை எனக்கு அங்கே வந்தது. டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அந்த மருத்துவர் வில்லன் இல்லை. அவருக்கு அவளை நம்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ இதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. பயமுறுத்தும் படம் ஆறுதல் தரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கடைசிவரிசை:

தம்பி தேதிபார்ப்பவனுக்கு இரண்டு வார்த்தை. இயக்குநர் நினைத்தது வேறு, அரங்கம் பார்த்தது வேறு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் நாயகன் கறுப்பினத்தவர், டுவேன் ஜோன்ஸ். அந்தப் பாத்திரத்தைக் கறுப்பினத்தவராக எழுதவே இல்லை. வந்தவர்களில் நன்றாக நடித்தவர் அவர் என்று எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க, எழுந்து நடந்து வரும் பிணங்களிடமிருந்து தப்பித்தவனை, காலையில் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் ஜன்னல் வழியாகச் சுட்டுவிடுகிறது. அப்புறம் புள்ளி புள்ளியான செய்தித்தாள் புகைப்படங்கள்போல அவன் உடலை இழுத்துப் போவதைக் காட்டுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது 1968 ஏப்ரலில். படம் வெளியானது அதே வருடம் அக்டோபரில். எடுக்கும்போது யாரும் திட்டமிடவில்லை. ஆனால் அக்டோபரில் டிக்கெட் வாங்கியவர் அந்தப் புகைப்படங்களை வேறு எப்படிப் பார்த்திருப்பார்?

2017-ல் 'கெட் அவுட்' வந்தபோது நான் வேலையில் இல்லை, பார்வையாளனாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உயிர்தப்பிய கறுப்பின இளைஞன் சாலையில், அடிபட்டுக் கிடக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் மேல் குனிந்திருக்கிறான். தூரத்தில் போலீஸ் வண்டி போலச் சிவப்பும் நீலமுமாக விளக்கு. வேறு எந்தப் படத்திலும் அந்த விளக்கு வந்தால் அப்பாடா என்று நிமிர்வார்கள். இங்கே ஒரு தலை அசையவில்லை. அவன் மெதுவாகக் கையைத் தூக்குகிறான். வண்டியிலிருந்து இறங்குவது அவன் நண்பன் என்று தெரிந்ததும்தான் அரங்கம் மூச்சு விட்டது. இயக்குநர் ஜோர்டன் பீல் முதலில் எடுத்த முடிவில் வந்தது உண்மையான போலீஸ்தான், அவன் சிறைக்குப் போகிறான். அப்புறம் மாற்றினார். ஆனால் அந்த அரை நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் மாற்றாத முடிவைத்தான் மனதுக்குள் பார்த்துவிட்டோம். அந்த அரை நிமிடத்தை நாங்கள் மட்டுமா கொண்டுபோனோம், அவர் மட்டுமா வைத்தார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தேதிபார்ப்பவன்:

இரவுப்பணி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது மருத்துவர் வரும் இடத்தை, கதையை நகர்த்தும் ஒரு காட்சி என்று மட்டுமே நினைத்திருந்தேன். திரும்பப் பார்க்கப் போகிறேன்.

கேசட்காலம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒன்று நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பதில்களை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: சடாகோ வெளியே வரும் காட்சியோடு அவள் எழுந்து போய்விட்டாள், கடைசிச் சில நிமிடங்களைப் பார்க்கவே இல்லை. எனக்கும் பத்தொன்பது வயதில் அந்தப் பகுதி மனதில் நிற்கவே இல்லை, டிவியையும் கிணற்றையும் மட்டும்தான் சுமந்துகொண்டிருந்தேன். அதனால் விட்ட இடத்திலிருந்து இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

நாயகி ரெய்கோவுக்குத் தான் மட்டும் ஏன் சாகவில்லை என்பது கடைசியில்தான் புரிகிறது. அவள் அந்தக் கேசட்டை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருக்கிறாள். பிழைக்க அது ஒன்றுதான் வழி. அவளுடைய சின்னப் பையனும் கேசட்டைப் பார்த்துவிட்டான், அவனுக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவள் வீடியோ டெக்கைக் காரில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் அப்பாவுக்குப் போன் செய்து, உங்களிடம் ஓர் உதவி வேண்டும் என்கிறாள். மேகம் கவிந்த வானத்தின் கீழே கார் போய்க்கொண்டே இருக்கிறது. படம் முடிகிறது.

என் மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ இது கேசட்டைப் பத்தின படமே இல்லையாம்மா" என்றாள். "இப்ப ஒரு ஃபார்வர்டு போதும்ல. யாருக்காவது அனுப்பிட்டா நாம தப்பிச்சிடலாம், இல்லையா?"

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எனக்காக நீ தாத்தாவுக்கு அனுப்புவியாம்மா?"

என் அப்பா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.